ஒரு வாசலை நம்பியது போதும், தோழர்களே!

டெல்லி சாணக்யபுரியில் விடியுமுன் அடுப்பு மூட்டும் தோழர்களே! மரத்தடியில் இஸ்திரி மேசை போட்டிருக்கும் அண்ணன்மாரே! வீட்டிலிருந்து டிபன் கட்டி அனுப்பும் அக்கா தங்கைகளே! ஜெராக்ஸ், போட்டோ கடை வைத்திருக்கும் தம்பிகளே!

நம் பிழைப்புக்கு ஆபத்து வந்திருக்கிறது. அடுத்த மாதம் பார்ப்போம், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட நேரமில்லை. படித்துவிட்டு மடித்து வைப்பதற்காக இதை எழுதவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். கூடிப் பேசுங்கள். இந்த வாரமே காரியத்தில் இறங்குங்கள்.

சங்கதி இதுதான். நாம் அத்தனை பேரும் அடுத்தவர் வாசலில் சேரும் கூட்டத்தை நம்பிக் கடை நடத்துகிறோம். அந்தக் கூட்டத்தை வரவழைப்பது நாமல்ல. யாரோ வரவழைக்கிறார்கள். நிறுத்துவதும் அவர்கள்தான். நிறுத்தும் நாளில் நம்மிடம் சொல்லிக்கொண்டு நிறுத்துவதில்லை. அந்த ஒரு வாசல் அடைபட்டால் அன்றைக்கே நம் கல்லாப்பெட்டியும் அடைபடுகிறது.

காலை ஏழு மணிக்கு சாந்திபத் பக்கம் நின்று பாருங்கள். அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய குடும்பம் ஒன்று நிற்கும். அப்பா கையில் பிளாஸ்டிக் கோப்பு, அம்மா தோளில் பை, பிள்ளை கையில் போன். பையும் போனும் உள்ளே போகாது. எங்கே வைப்பது, யாரை நம்பிக் கொடுப்பது என்று தவிப்பார்கள். போட்டோவின் அளவு சரியில்லை என்று கடைசி நிமிஷத்தில் கலங்குவார்கள். அந்த நேரத்தில் ஒரு டீ, ஒரு தட்டு இட்லி, ஒரு ஜெராக்ஸ், உட்கார ஒரு ஸ்டூல் கொடுப்பது நம்மைப் போன்றவர்கள்தான். பெரிய கடைகள் திறக்காத நேரத்தில் திறந்திருப்பதே நம் பலம்.

ஆனால் அந்தக் காலை எத்தனை நாளைக்கு? ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விசா விண்ணப்பங்கள் தூதரக வாசலை விட்டு வி.எஃப்.எஸ். மையங்களுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு நாடு தன் விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றினால் அந்த வாசலில் வரிசை இல்லை. வரிசை போனால் அதை நம்பியிருந்த டீயும் ஜெராக்ஸும் சேர்ந்து போகும்.

வாசல் அடைபடுவது நமக்குப் புதிதல்ல. 1970-இல் திறந்த சாணக்யா திரையரங்கம் 2007 டிசம்பரில் மூடப்பட்டது. காட்சி முடிந்து நடந்தே வெளியே வந்து, பசியோடு நின்று சாப்பிட்ட கூட்டம் அதோடு போயிற்று. அதே இடத்தில் 2017-இல் வந்தது உயர்விலைக் கடைகளின் வளாகம். அங்கே வருகிறவர்கள் காரில் இறங்கிக் காரில் ஏறுகிறார்கள். 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது என்ன பட்டோம் என்பதை யாரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 8 முதல் 10 வரை ஜி-20 மாநாட்டுக்காகப் புதுடெல்லி மாவட்டத்தில் கடைகள் மூடப்பட்டன. மூன்று நாள் விற்பனை இல்லை. வாடகைக்கும் வட்டிக்கும் வயிற்றுக்கும் விடுமுறை கிடைத்ததா? ஒவ்வொரு ஜனவரியிலும், ஒவ்வொரு வெளிநாட்டுத் தலைவர் வருகையிலும் இந்தச் சாலைகளில் தடுப்பு வந்து நிற்கிறது. தூதரகப் பகுதியில் இது மாறப்போவதில்லை. மாற வேண்டியது நம் வருமானத்தின் அமைப்பு.

கணக்கைக் கையில் எடுங்கள்

வியாபாரம் மந்தம் என்று சொல்கிறோமே தவிர, எவ்வளவு மந்தமானால் நாம் விழுவோம் என்று கணக்குப் போட்டிருக்கிறோமா? இப்போதே போடுவோம். ஒரு உதாரணம். தொகைகளை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டு இட்லி 50 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வையுங்கள். அரிசி, உளுந்து, சாம்பார், சட்னி, கேஸ், தட்டு எல்லாம் சேர்த்து 26 ரூபாய். கையில் நிற்பது 24. இது தட்டுக்குத் தட்டு வரும் மிச்சம். இனி, விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு: உதவியாளுக்கு 600, ஆட்டோவுக்கு 150, இடம், தண்ணீர், சுத்தம் என்று 250, கடன் தவணை 100. ஆக ஒரு நாளைக்கு 1,100 ரூபாய். நூறு தட்டு விற்றால் 2,400 மிச்சத்தில் 1,100 போக 1,300 வீட்டுக்கு. அறுபது தட்டுதான் விற்றது என்றால்? 1,440-இல் 1,100 போக 340.

நன்றாகப் பாருங்கள், தோழர்களே. கூட்டம் நூறிலிருந்து அறுபதானபோது நம் வருமானம் அறுபது சதவீதமாகக் குறையவில்லை. நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நாற்பத்தாறாவது தட்டு வரை நாம் உழைப்பது அத்தனையும் செலவுக்கு. அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு தட்டும்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். கூட்டம் கொஞ்சம் குறைந்தாலும் வீடு ஆடிப்போவது இதனால்தான். உங்கள் கடையின் நாற்பத்தாறாவது தட்டு எது? அந்த எண்ணைக் கண்டுபிடித்து நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொரு கணக்கு. பக்கத்துக் கடைக்காரர் 45 ரூபாய்க்கு இறக்கினார் என்று நாமும் இறக்கினால், தட்டுக்கு மிச்சம் 24-லிருந்து 19 ஆகும். நூறு தட்டில் கிடைத்த அதே 2,400-ஐ எடுக்க 127 தட்டு விற்க வேண்டும். இருபத்தேழு தட்டுக்கான மாவும் வேலையும் கூடும், வருமானம் கூடாது. இப்படி ஒருவர் விலையை ஒருவர் உடைத்தால் வாங்குகிறவருக்கு ஐந்து ரூபாய் லாபம். விற்கிற இரண்டு குடும்பமும் நஷ்டத்தில். இந்தப் பகுதிக்கு எவர் பெயர் வைத்தார்களோ அவர் எழுதியதாக வழங்கும் அர்த்தசாஸ்திரம், வணிகர் லாபத்துக்கு உள்ளூர்ச் சரக்கில் 5 சதவீதம், வெளிநாட்டுச் சரக்கில் 10 சதவீதம் என்று மேல்வரம்பு கட்டியது. நாம் கட்ட வேண்டியது கீழ்வரம்பு. இதற்குக் கீழே நம்மில் யாரும் விற்பதில்லை என்று ஒரே சாலையில் நிற்கும் நாம் கூடி முடிவெடுப்போம். போட்டி தரத்தில் இருக்கட்டும், சுத்தத்தில் இருக்கட்டும், நேரத்தில் இருக்கட்டும். விலையை உடைப்பதில் வேண்டாம்.

ஒரே அடுப்பு, மூன்று வேளை, பல வாசல்

யஷ்வந்த் பிளேஸைப் பாருங்கள். அங்கே தோல் பொருள், ரோம ஆடை விற்றவர்கள் ரஷ்ய வாடிக்கையாளர்களுக்காக ரஷ்ய மொழியிலேயே பேசக் கற்றார்கள், பெயர்ப்பலகையும் அந்த எழுத்தில் வைத்தார்கள். வாடிக்கையாளரின் மொழியைக் கற்ற அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரே நாட்டு வாடிக்கையாளரை நம்பினால் அந்த நாட்டின் பணம் சரியும்போது நாமும் சரிய வேண்டியதுதான். அதே சந்தையில் மோமோ கடைகளுக்கு வருகிறவர்கள் யார்? மாணவர், அலுவலகத்தார், டிரைவர், குடும்பத்தோடு வருபவர் என்று பல தரப்பார். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருகிறார். உணவின் ருசியோடு அந்தக் கலவையும் சேர்ந்துதான் அந்தக் கடைகளைத் தாங்குகிறது.

நம்மைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் விசாவுக்கு வருகிறவர்கள். நடுப்பகலில் தூதரகங்களின் டிரைவர்கள், செக்யூரிட்டி, தோட்டக்காரர்கள், குமாஸ்தாக்கள். மாலையில் நேரு பூங்காவில் நடக்க வருகிறவர்கள். கௌடில்ய மார்க்கில் தமிழ்நாடு இல்லம், கர்நாடக பவன், பிகார் பவன், குஜராத் பவன் என்று வரிசையாக மாநில இல்லங்கள். சஞ்சய் கேம்பிலும் விவேகானந்த் கேம்பிலும் வேலைக்குப் போய்த் திரும்பும் உழைப்பாளிக் குடும்பங்கள். கொஞ்சம் தள்ளி ஆர்.கே. புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும். நாம் காலை பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் நமக்கு இல்லை.

ஆகவே மாதக் கணக்கு பிடியுங்கள். முப்பது டிரைவர்களிடம் பேசுங்கள். தினம் மதியம் 70 ரூபாய்க்குச் சோறு, குழம்பு, ஒரு பொரியல், மோர். பாதிப் பணம் மாதத்தின் முதல் தேதி. சாப்பாட்டுக்கு 25 ரூபாய் மிச்சம் என்றால் நாளைக்கு 750. உதவியாள் அதே ஆள், அடுப்பு அதே அடுப்பு. இட்லி அறுபது தட்டாக விழுந்த நாளிலும் வீட்டுக்கு 340 அல்ல, 1,090 போகும். இதில் இன்னொரு பலன், நாளை எத்தனை பேர் என்பது இன்றே தெரியும். சோறு மிஞ்சாது, பருப்பு வீணாகாது.

அடுத்தது மொத்த ஆர்டர். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், நவராத்திரிக்குச் சுண்டல், ஆடிக் கிருத்திகைக்குப் பிரசாதம், தமிழ்ப் பள்ளி விழாவுக்கு டிபன், வீட்டுச் சீமந்தத்துக்குக் கலந்த சாதம். இந்த ஆர்டர்களெல்லாம் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஆனால் இருநூறு பேருக்குச் செய்ய ஒருவரால் முடியாது என்பதால் நம்மைத் தாண்டிப் பெரிய கேட்டரிங்காரரிடம் போகின்றன. ஒருவரால் முடியாது, சரி. நான்கு பேர் சேர்ந்தால்? ஒருவர் சாதம், ஒருவர் சுண்டல், ஒருவர் பாயசம், ஒருவர் பந்தி. ஆர்டர் எடுத்தவர் யாராக இருந்தாலும் பங்கு முன்கூட்டியே எழுதப்படட்டும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பிகளே, காகிதத்துக்கு ரூபாய் வாங்குவது மட்டும் உங்கள் தொழில் இல்லை. படிவம் நிரப்பித் தருவது, சரியான அளவில் போட்டோ, ஸ்கேன், ரசீது கொடுத்துப் பை காப்பது, பவனுக்கு வழி சொல்லி ஆட்டோ பிடித்துத் தருவது எல்லாம் காசு பெறும் சேவை. விலைப்பட்டியலைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் கடை முகப்பில் தொங்கவிடுங்கள். ஆனால் ஒன்று. போலி வங்கிக் கணக்குப் பட்டியல், போலிச் சான்று, உள்ளே ஆள் இருக்கிறது என்ற பேச்சு, இவற்றின் பக்கம் ஒருவரும் போகக்கூடாது. ஒருவர் செய்தாலும் மொத்த நடைபாதையும் காலி. நம் நாணயம்தான் நம் முதல்.

கொடுத்த பொருளுக்குக் காசு வாங்குங்கள்

ஆர்டர் கிடைப்பது பாதி. பணம் கைக்கு வருவது மீதி. பில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நடக்கும் தோழர்கள் எத்தனை பேர்! சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, சிறுதொழிலிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் இதற்குப் பல் முளைத்தது. காலத்தில் கொடுக்காத நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது.

இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும். ஆதார் கொண்டு பதியலாம், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இடைத்தரகரை விரட்டுங்கள். பான், ஜி.எஸ்.டி. இல்லாத மிகச் சிறிய தொழிலுக்காக 2023-இல் உத்யம் அசிஸ்ட் என்று தனித் தளமே வந்திருக்கிறது. சமைத்துக் கொடுப்பவர், தைத்துக் கொடுப்பவர், சலவை செய்பவர் எல்லோரும் பதியுங்கள். வெறுமனே வாங்கி விற்பவருக்கு 45 நாள் சட்டம் கைகொடுக்காது, ஆனால் வங்கிக் கடனுக்குப் பதிவு உதவும். மத்திய அரசு அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. அதில் பெண்கள் நடத்தும் தொழிலுக்கு 3, பட்டியல் சாதி, பழங்குடியினர் தொழிலுக்கு 4 சதவீதம். அமைச்சகங்கள் நம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்த 25 சதவீதத்தில் நம் பங்கு எங்கே என்று கேட்போம்.

தூதரகத்துக்கு வேலை செய்யும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தூதர்களுக்குப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு வெளிநாட்டு அரசின் மீது பொதுவாக வழக்குப் போட முடியாது. பணம் நின்றுபோனால் நாம் தட்டக்கூடிய கதவு மிகக் குறைவு. எனவே தூதரக ஆர்டர் என்றால் எழுத்தில் ஆர்டர், பாதி முன்பணம், பொருள் இறக்கும்போது மீதி. மரியாதையோடு கேளுங்கள், ஆனால் கண்டிப்பாகக் கேளுங்கள். எல்லோரும் ஒரே மாதிரிக் கேட்டால் அதுவே இந்தப் பகுதியின் வழக்கமாகிவிடும்.

சேர்ந்து வாங்குவோம், தண்டலை விரட்டுவோம்

உளுந்து ஒருவர் ஐந்து கிலோ வாங்கினால் சில்லறை விலை. இருபது பேருக்குச் சேர்த்து வாங்கினால் மொத்த விலை. காரீ பாவ்லியில் மிளகாயும் மல்லியும், ஆசாத்பூர் மண்டியில் வெங்காயமும் தக்காளியும், சதர் பஜாரில் தட்டும் டப்பாவும். வாரம் ஒருமுறை இரண்டு பேர் போய் எல்லோருக்கும் வாங்கி வரலாம், வண்டி வாடகையைப் பகிரலாம். தட்டுக்கு 3 ரூபாய் மிச்சமானால் நூறு தட்டில் நாளைக்கு 300. அதே 300-ஐ விற்று எடுக்க இன்னும் பதின்மூன்று தட்டு விற்க வேண்டும். கூட்டமே இல்லாத நாளில் அந்தப் பதின்மூன்று பேரை எங்கே தேடுவது?

கடன் விஷயத்தில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். தண்டல்காரர் 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுக்கிறார். தினம் 100 ரூபாய், நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றுகிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 70 சதவீதத்துக்கும் மேல். இந்த வட்டி கட்டிக்கொண்டு எந்தச் சிறுகடையும் எழுந்து நின்றதில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் வந்தது. 2025 ஆகஸ்டில் அதை மாற்றியமைத்து, 2030 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். முதல் கடன் 15,000 வரை, அடைத்தால் 25,000 வரை, அதையும் அடைத்தால் 50,000 ரூபாய். பிணை வேண்டாம். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். க்யூ.ஆர். மூலம் வாங்கினால் கேஷ்பேக். விற்பனைச் சான்று இல்லாதவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் என்று ஒரு வழி உண்டு. படிவம் இந்தியில் இருக்கிறது, வங்கியில் அலைக்கழிக்கிறார்கள் என்று திரும்பி வராதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் தெரியாத ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஐந்து பேராகப் போனால் அலைக்கழிப்பதும் குறையும்.

க்யூ.ஆர். பலகையைக் கண்டு பயப்படும் தோழர்களும் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது உண்மை. பெங்களூரில் பல கடைகள் பலகையைக் கழற்றியதும் உண்மை. பயத்துக்கு மருந்து கணக்குதான். பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது பதிவுக்கான பொதுவான வரம்பு. சாப்பாட்டுக் கடை சேவையில் வரும். 20 லட்சம் என்றால் நாளைக்கு ஏறத்தாழ 5,480 ரூபாய். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நோட்டு சொல்லும். அண்ணன் அனுப்பிய பணம், சீட்டுப் பணம், கடை வரவு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அந்த வரவுப் பட்டியலே நாளைக்கு வங்கியில் உங்களுக்காகப் பேசும்.

இடம் பிச்சை அல்ல, உரிமை

வருமானத்துக்கு ஆயிரம் வழி சொல்லலாம். நிற்க இடமில்லாதவனுக்கு ஒரு வழியும் வழியல்ல. அந்த இடத்துக்கான போராட்டம் இதே புதுடெல்லி நகராட்சிப் பகுதியில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜன்பத் பக்கம் ஆயத்த ஆடை விற்றவர் சோதன் சிங். அவர் புதுடெல்லி நகராட்சிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 1989-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: நடைபாதையில் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவின் கீழ் வரும் உரிமை, அதை ஒழுங்குபடுத்தலாம். இந்த இடத்தில்தான் நிற்பேன் என்று கேட்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2010-இல் கைண்டா ராம் வழக்கில், சட்டமே இயற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அரசுக்குக் கெடு வைத்தது. 2014-இல் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இருபத்தைந்து வருஷம் பிடித்தது, தோழர்களே. யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

அந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்யுங்கள். வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை ஏற்கெனவே வியாபாரம் செய்பவரை அகற்றக்கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கெடாத பொருள் கேட்ட இரண்டு வேலை நாளில், கெடும் பொருள் கேட்ட அன்றே திரும்ப வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தேர்தலில் வென்ற வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

வண்டி வந்து நிற்கிறது, இரண்டு பேர் குதிக்கிறார்கள், மாவுப் பாத்திரத்தோடு ஸ்டவ்வைத் தூக்கி உள்ளே போடுகிறார்கள். அந்த நிமிஷத்தில் நாம் கெஞ்சுகிறோம், அழுகிறோம், கையில் இருக்கிறதை நீட்டுகிறோம். இனி முதல் சொல் இதுவாக இருக்கட்டும்: "பட்டியல் கொடுங்கள்." தனியாக ஒருவர் கேட்டால் தள்ளிவிடுவார்கள். சுற்றி நின்று பத்துப் பேர், போனில் படம் எடுத்துக்கொண்டு, மரியாதையாக, சத்தமில்லாமல் கேட்டால் பேனா எடுத்தே தீருவார்கள். நகராட்சிக்கு இடக்கட்டணம் கட்டிய தெஹ்பஜாரி ரசீதோ சலான் சீட்டோ பரிந்துரைக் கடிதமோ, நீங்கள் இங்கே நின்றதற்குச் சாட்சியான எந்தத் துண்டுக் காகிதத்தையும் எறியாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள், படம் எடுத்துப் போனிலும் வையுங்கள்.

சேர்ந்தவர்கள் வென்ற ஊர் இது

சின்னவர்கள் சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் தலைநகரமே பதில். காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, தோழர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கச் சொன்னார். 1957-இல் பெங்களூரிலும் டெல்லியிலும் தொழிலாளர்களே முதலாளிகளாக இந்தியன் காபி ஹவுஸ் எழுந்தது. பரிமாறியவர்கள் நிர்வாகம் செய்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் கனாட் பிளேஸில் இருந்த இடம் இடிக்கப்பட்டது. சங்கம் இடியவில்லை. மோகன் சிங் பிளேஸ் மாடியில் மீண்டும் காபி ஊற்றினார்கள். 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இட்டுத் தொடங்கியதுதான் லிஜ்ஜத். அந்த எழுவருக்கு இல்லாத எது நம்மிடம் இருக்கிறது என்று பாருங்கள்: கையில் போன் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், கூடி உட்காரும் பழக்கம்.

நேரமில்லை என்பீர்கள். நேரமில்லாமல் செய்கிறது அந்த 70 சதவீத வட்டி. அவன் நமக்குப் போட்டி என்பீர்கள். பக்கத்து அடுப்பு உங்கள் போட்டி இல்லை. இரண்டு அடுப்பையும் ஒரே நாளில் அணைக்கக்கூடிய தடுப்புக் கம்பிதான் நம் இருவருக்கும் பொது ஆபத்து. அவர் இந்திக்காரர், இவர் நேபாளி, நாம் தமிழர் என்பீர்கள். வண்டி சாமானை அள்ளும்போது தாய்மொழி கேட்பதில்லை. பிகார் அண்ணனின் லிட்டியும் மணிப்பூர்ப் பெண்ணின் மோமோவும் விழுப்புரத்து அக்காவின் இட்லியும் ஒரே பட்டியலில் ஒரே ஆர்டரில் போகட்டும். அந்தப் பட்டியலுக்கு இந்தப் பகுதியில் ஈடு இருக்காது.

ஆகவே அழைக்கிறேன். இந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் கடை நோட்டைத் திறந்து ஏழு நாள் வரவு செலவை எழுதுங்கள், கடைச் செலவும் வீட்டுச் செலவும் பிரித்து. ஒவ்வொரு சாலையிலும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு அமையுங்கள், அதில் பாதி பெண்கள். ஒருவர் கொள்முதலுக்கு, ஒருவர் ஆர்டருக்கு, ஒருவர் வங்கிக்கும் உத்யமுக்கும், ஒருவர் சட்டத்துக்கு என்று பொறுப்புப் பிரியுங்கள். விலையின் கீழ்வரம்பை எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் கூட்டுக் கொள்முதல் இந்த மாதக் கடைசிக்குள் நடக்க வேண்டும். முதல் கூட்டு ஆர்டர் அடுத்த பண்டிகைக்குள் கைக்கு வர வேண்டும். தண்டலில் இருக்கும் தோழர் ஒருவரையாவது ஒவ்வொரு குழுவும் இந்த மூன்று மாதத்தில் மீட்க வேண்டும்.

வாசலில் நின்று கூட்டம் வருமா என்று பார்த்த காலம் முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கட்டியதும் நோட்டோடு வாருங்கள். வராத தோழரைக் கையோடு கூட்டி வாருங்கள். தனித்தனியாக நின்றால் நம்மை ஒரு தடுப்புக் கம்பி நிறுத்திவிடும். சேர்ந்து நின்றால் நம் கணக்கை நாமே எழுதுவோம். எழுந்து வாருங்கள், தோழர்களே!